மச்சானுக்கு ரெண்டு மாத மாத்திரை

தலைக்கவசத்தைக் கழற்றாமலே கடைக்குள் நுழைந்த மாதவராஜ், இடமும் வலமும் பார்த்துவிட்டு, நான்காக மடித்த தாளொன்றைக் கண்ணாடி மேசையின்மீது தள்ளினார். "சத்தம் போடாதம்மா. இதுல எழுதியிருக்கறத எடுத்துக் குடுத்துரு. நான் பேசாமப் போயிடறேன்."

மேசைக்கு அப்பால் நின்ற வெண்மதியின் கை, கல்லாப்பெட்டியின் மூடியை அழுத்திப் பிடித்தது. "பணமெல்லாம் மத்தியானமே பேங்குக்குப் போயிருச்சுங்க!"

"உம் பணம் யாருக்கு வேணும்? மாத்திரை வேணும்!"

தாளைப் பிரித்துப் பார்த்தவள் பெருமூச்சு விட்டாள். மருத்துவர் எழுதிய சீட்டு. "அத மொதல்லயே சொல்லக்கூடாதுங்களாண்ணா? ஹெல்மெட்டக் கழட்டுங்க. சித்திரை வெயில்ல உள்ளயே வெந்துருவீங்க."

கழற்ற முடியாது. அதியமான்கோட்டையில் இருபது ஆண்டுகளாக உரக்கடை நடத்துபவர் மாதவராஜ். பூச்சி அரித்த தக்காளி இலையோடு வருகிறவர்களுக்கு, எந்த மருந்தை டேங்குக்கு எத்தனை மில்லி ஊற்ற வேண்டும் என்று அவர் சொல்வதே தீர்ப்பு. அப்படிப்பட்டவரே மனப்பதற்றத்துக்கு மாத்திரை விழுங்குகிறார் என்பது தெரிந்துவிட்டால், அப்புறம் அவருடைய மில்லிக் கணக்கை எவன் நம்புவான்?

அந்த அச்சத்தினால்தான் ஓராண்டாக மாதந்தோறும் சேலத்துக்குப் பேருந்து ஏறி, முன்பின் அறியாத மருத்துவரைப் பார்த்து, அங்கேயே மாத்திரையும் வாங்கி வந்தார். அங்கும் தம் பெயரைக் கொடுக்கத் துணிவு வரவில்லை. மனைவியின் தம்பி தர்மனுடைய பெயரைக் கொடுத்துவிட்டார்.

சென்ற வாரம் மாத்திரை அட்டையின் பின்புறத்தைத் தற்செயலாகப் படித்தவர் கொதித்துப் போனார். கொட்டை எழுத்தில் கம்பெனி வைத்த பெயர். அதன் அடியில், எறும்பு ஊர்ந்தாற்போல, மருந்தின் உண்மைப் பெயர். அந்த எறும்பெழுத்து மருந்து, இதோ இந்தத் தருமபுரியில், பேருந்து நிலையத்துக்குப் பின்னாலுள்ள இந்த மலிவு விலை மருந்துக் கடையில், எட்டில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது! ஒரே சரக்கை வேறு அட்டையில் அடைத்து எட்டு மடங்கு பிடுங்குவதற்கு வணிகம் என்றா பெயர்?

அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்றுண்டு. 'டப்பாவப் பாக்காதீங்கப்பா, உள்ள இருக்கற சரக்கப் பாருங்க' என்று இருபது ஆண்டுகளாக ஊருக்கு முழங்கிய மனிதர், தாமே ஓராண்டாக டப்பாவுக்குப் பணம் கட்டியிருக்கிறார். மருத்துவரிடம் மருந்தின் பெயரையே சீட்டில் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டு, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

"மாத்திரை யாருக்குங்கண்ணா?"

"எம் மச்சானுக்கு. சீட்டுலயே பேரு இருக்குதே."

"தர்மன்... அதியமான்கோட்டை..." என்று வாசித்த வெண்மதி சட்டென நிமிர்ந்தாள். "அப்ப நீங்க உரக்கடை மாதவராஜ் அண்ணனுங்களா?"

தலைக்கவசத்துக்குள் முகம் வெளிறியது. மறுநொடியே மலர்ந்தது. நம் கடையின் புகழ் தருமபுரி வரைக்கும் எட்டியிருக்கிறதா! இனி முகத்தை மறைப்பதில் பயனில்லை. பழியை மட்டும் மச்சான்மீது பத்திரமாக ஏற்றிவிட்டால் போதும் என்று முடிவு செய்து, தலைக்கவசத்தைக் கழற்றினார்.

வெண்மதி ஓடிவந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்; மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினாள். "உக்காருங்கண்ணா. தண்ணி குடிங்க. பதறாதீங்க, ஒண்ணும் அவசரமில்ல," என்று பச்சைக் குழந்தையிடம் பேசுவதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

எவ்வளவு மரியாதை! மாதவராஜ் உற்சாகமாகிவிட்டார். "அவன் பாடு பெரும்பாடும்மா. கடையப் பூட்டிட்டுப் பாதி தூரம் வந்துட்டு, பூட்டுனமா இல்லியான்னு திரும்பிப் போயி மூணு வாட்டி ஆட்டிப் பாக்கறான்."

"தர்மன் அண்ணனுக்குக் கடை இருக்குதுங்களா?"

"கடையா? வூடு! வூட்டப் பூட்டிட்டு!" தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். "போன் அடிச்சா, யாருக்கு என்ன ஆச்சோன்னு நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது. எடுத்துப் பாத்தா, வரும்போது உப்புப் பாக்கெட்டு வாங்கிட்டு வாங்கன்னு பொண்டாட்டி கூப்புட்டிருக்கா!"

"மாத்திரை சாப்புட்டதுக்கப்புறம் எப்பிடிங்க?"

"அதச் சொல்லு! இப்ப நல்லாத் தூங்கறேன்... தூங்கறான்! கொறட்டை ரெண்டு வூட்டுக்குக் கேக்குது."

வெண்மதி தலையை அசைத்துக்கொண்டே மாத்திரை அட்டைகளை எடுத்து வைத்தாள். "ஒரு மாசத்துக்குங்களா?"

"ரெண்டு மாசத்துக்கே குடு. பாவம், அவன் எத்தன வாட்டி அலைவான்?"

தொகையைக் கேட்டதும் மாதவராஜ் ரசீதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு மாசத்துக்கும் சேத்தா இவ்ளோ? நல்லாப் பாத்துச் சொல்லும்மா."

"அவ்ளோதானுங்க."

சேலத்தை மனத்துக்குள் ஒருமுறை திட்டித் தீர்த்துவிட்டு, பொட்டலத்தை இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டார். பிறகு மேசைமீது குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கம்மா. எம் மச்சான் ரொம்ப மானஸ்தன். இது வெளிய தெரிஞ்சா ஊருக்குள்ள தல காட்ட மாட்டான். யார்கிட்டயும் மூச்சு விட்டுராத."

"சத்தியமா விடமாட்டங்கண்ணா," என்றாள் வெண்மதி, அவருடைய கையை ஆதரவாகத் தட்டிக்கொடுத்து. "போன மாசம் உங்களுக்குன்னு இதே மாத்திரையை வாங்கறப்ப, தர்மன் அண்ணனும் இதையேதானுங்க சொன்னாரு!"