கோட்டில் ஒட்டாத புள்ளி

இருமுனை மனநிலைக் கோளாறு உள்ளவர்கள், இல்லாதவர்கள் எல்லாருடைய மூளை ஸ்கேனையும் உடல் எடையோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்த புள்ளியியல்காரிக்கு எரிச்சல் தலைக்கேறியது. வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி மட்டும் கோட்டில் ஒட்டாமல் ஒய்யாரமாகத் தனியே நின்றது.

ஸ்கேன் எடுத்தவரைப் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

"கோட்டுப்படி எழுபத்தஞ்சு கிலோ இருக்கணும். ஐம்பத்தஞ்சுன்னு எழுதியிருக்கீங்க. எடை போட்டுப் பாக்கலையா?"

"வாயால சொன்னதை எழுதிட்டேன்."

"அந்த நோயாளியாலதான் என் உழைப்பே பாழ்!"

"நோயாளி இல்ல. நல்லா இருக்கறவங்க பக்கம்."

"நல்லா இருந்துக்கிட்டா இந்தப் புளுகு? யாருன்னு சொல்லுங்க, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்."

அவர் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"ஆள் குறையுதுன்னு அன்னைக்கு நீயும் ஸ்கேனுக்கு வந்து படுத்தியே... பொண்டாட்டியை எடை மெஷின்ல ஏறுன்னு சொல்ல எனக்கென்ன ரெண்டு உசுரா இருக்கு?"