குண்டானில் ஐந்து ஓட்டை

குண்டானைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் ஆணியை நிறுத்தி, ஓங்கி ஒரு போடு போட்டாள்.

நான்காவது ஓட்டை.

நடுவில் இன்னும் ஒன்று விழுந்தால் தண்ணீர் தேங்காது. மணி பிளான்ட் வைக்கலாம்.

பித்தளை லேசில் இடம் கொடுக்கவில்லை. எப்படிக் கொடுக்கும்? அவள் கல்யாணத்துக்கு வந்த குண்டான். முப்பது வருஷம் அடுப்பில் நின்றது.

மகள் சுபாவுக்கு முதல் சோறு இதில் வடித்ததுதான். நான்கு வயதில் அதே சுபா இதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீடெல்லாம் முட்டிக்கொண்டு திரிந்தாள். விளிம்பில் இருக்கும் நெளிசல் அப்போது விழுந்தது. சுபாவின் அப்பா இருந்தார் அப்போது. தட்டிச் சரிபண்ணித் தருகிறேன் என்றார். வேண்டாம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று இவள்தான் சொன்னாள்.

சுபாவுக்குக் கல்யாணம் வந்தபோது, தன்னுடைய பாத்திரங்களையெல்லாம் ஈயம் பூசி, தன் பெயருக்குக் கீழே மகள் பெயரையும் வெட்டி, சீரோடு வைத்து அனுப்பினாள்.

பத்து மாதத்துக்கு முன்னால் எல்லாம் புகுந்த வீட்டிலிருந்து இரண்டு சாக்கில் திரும்பி வந்தன. லோடு ஆட்டோவில்.

சுபா அதற்கு முந்தின வாரமே ஒரு பெட்டியோடு வந்துவிட்டாள்.

சாக்கின் வாயைத் தைத்து அனுப்பியிருந்தார்கள், உர மூட்டை மாதிரி. அந்த வீட்டு ஆட்களை நினைத்தால் அவளுக்கு இன்னும் வயிறு எரிகிறது. நல்லா இருக்கட்டும், நமக்கென்ன.

சுபா சாக்குகளைப் பார்த்தாள். இவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாளோ என்று பயம்.

ஒரு தடவை நாலைந்தை எடுத்துக்கொண்டு திண்டுக்கல் கடைவீதிக்குப் போனாள், போட்டுவிடலாம் என்று. பாத்திரக்கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பெயரைப் படித்தார். நம்ம கடையில் வெட்டின பேராச்சே, பாப்பா எப்படி இருக்கு என்று கேட்டார்.

நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு, கொண்டுபோனதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

விற்கவும் முடியாது. வைத்துப் பார்க்கவும் முடியாது.

அப்புறம்தான் செல்போனில் அந்த வீடியோ வந்தது. பழைய பாத்திரத்தில் கைவேலை. இதென்ன பெரிய வித்தை என்று உட்கார்ந்துவிட்டாள்.

வடிதட்டு பல்புக்கு மேல் ஏறியது. சுவரெல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சம்.

கரண்டிகளின் காம்பை வளைத்துப் பலகையில் அறைந்தாள். மதுரை ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகும் சுபாவின் பையை மாட்ட.

மாவுச் சல்லடையில் சுபாவின் தோடுகள் தொங்கின. தூக்குவாளியில் சீப்பு நின்றது.

எல்லாமே சுபாவின் அறைக்குத்தான். இது உன் வீடு, இங்கேயே இரு என்று வாயால் சொல்ல வரவில்லை. அதனால் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள்.

ஏனென்றால் சுபாவின் துணிகள் இன்னும் அந்தப் பெட்டியில்தான் இருந்தன. பீரோவில் ஒரு தட்டு முழுக்கக் காலி செய்து கொடுத்தும் அடுக்கவில்லை. பெட்டியில் இருக்கிற துணி எந்த நாளும் கிளம்பிவிடும். அந்தப் பயம்தான் அவளை அரித்தது.

ஐந்தாவது ஓட்டை விழுந்தபோது சுபா கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை. டியூட்டி இல்லாத நாளில் மதுரைக்கு எதற்குப் போனாள் என்று தெரியவில்லை.

அம்மா குண்டானைத் தூக்கிக் காட்டினாள். செடி வைக்க, உன் ஜன்னலுக்கு என்றாள். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சுபா வாங்கிப் பார்த்தாள். அடியில் விரலை வைத்தாள். விரல் உள்ளே போனது.

"ஏம்மா... இதுல சோறு வடிக்கலாம்னுல்ல இருந்தேன்."

மதுரையில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு பார்த்துவிட்டாளாம். ஒரே ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச வேண்டுமாம். எப்படிச் சொல்வது என்று ஒரு வாரமாகத் தயங்கினாளாம். பாத்திரம்தான் சாக்கு நிறைய இருக்கிறதே என்று அந்த ஒரு கவலை மட்டும் இல்லாமல் இருந்தாளாம்.

அம்மா கையில் சுத்தியல் அப்படியே இருந்தது.

பத்து மாதமாக அந்தச் சாக்குகளை இவள் அவமானம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பெண் அதைக் குடித்தனம் என்று நினைத்திருக்கிறாள்.

என்னை ஒத்தையா விட்டுட்டுப் போறியாடி என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினாள்.

சுபாதான் முதலில் சிரித்தாள். வந்ததிலிருந்து அப்படிச் சிரித்ததில்லை. பரவாயில்லைம்மா, இதில் காய் கழுவி வடியவிட்டுக்கொள்கிறேன் என்றாள்.

அம்மா எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். தினமும் புழங்குகிற சோற்றுப் பானையில் மத்தியானச் சோறு மிச்சம் இருந்தது. அதை ஒரு தட்டில் தட்டினாள். பானையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு வந்து குத்தவைத்து உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள்.

சுபா பின்னாலேயே வந்தாள். அதை எடுத்துக்கொண்டால் நீ எதில் வடிப்பாய் என்றாள். எனக்குக் குக்கர் போதும் என்றாள் அம்மா. நான் ஒருத்திக்கு இவ்வளவு பெரிய பானை எதற்கு என்றாள் சுபா.

அம்மா நிமிரவில்லை. பானையின் கழுத்தை அழுத்தித் தேய்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை நான் வந்தா எதுல வடிப்ப?"

சுபா பக்கத்தில் உட்கார்ந்து, பானையைத் தன் பக்கம் சாய்த்துப் பிடித்து, குழாயைத் திறந்துவிட்டாள்.