டிரைவருக்கு ஒரு பூட்டு

“அவங்களுக்கும் குடுத்திட்டியாமே, தம்பி?”

கஜதீபன் ஜக்கெற்றைக் கழற்றுவதற்கு முன்பே இரத்தினசிங்கம் பிடித்துக்கொண்டார்.

“எதை அங்கிள்?”

“நீ எழுதின டிரைவரை. இன்ரநெற்றிலை சும்மா போட்டிருக்கிறியாம். ஆரும் எடுக்கலாமாம். எங்கடை செயலாளர் ஜீவரட்ணம் சொன்னான்.”

“ஓம். ஆரும் எடுக்கலாம்.”

“சிங்களவனும்?”

“ஆரும் எண்டா ஆரும்தானே, அங்கிள்.”

இரத்தினசிங்கத்துக்குச் சுள்ளென்று ஏறியது. ஊரில் யுத்தம் முடிந்து முழுசாக ஒரு கிழமைகூட ஆகவில்லை. அவரோ டென்மார்க்கில் ஹேர்னிங் தமிழர் இணைய வானொலியின் தலைவர். கொம்யூன் என்கிற நகரசபை கொடுத்த நிலக்கீழ் அறையில் இருந்து தினமும் மாலையில், ‘அந்த நாட்டுச் சாமான் எதையும் தொடாதீர்கள்’ என்று முழங்குகிறவர். முழங்கியதோடு நிற்கவில்லை, வீட்டில் இருந்த இலங்கைத் தேயிலையைக் குப்பையில் கொட்டிவிட்டு, ஒத்துக்கொள்ளாத கோப்பியைக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டிருந்தார். அப்பேர்ப்பட்டவரின் வானொலியிலேயே இப்படி ஒரு ஓட்டை!

விஷயம் இதுதான். வானொலிக்கு வாய்த்தது ஒரு பள்ளிக்கூடம் கழித்துவிட்ட கம்பியூட்டர். அதில் ஓடுவது காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ். மைக்கைச் செருகும் யூ.எஸ்.பி. ஒலிப்பெட்டியும் யாரோ தந்த பழசு. கம்பியூட்டரும் பெட்டியும் கோபக்காரச் சம்பந்திகள் மாதிரி முகம் கொடுத்துப் பேசவில்லை. நடுவில் நின்று பேச வைக்க ஒரு நிரல் வேண்டும். அதற்குப் பெயர்தான் டிரைவர். பெட்டி செய்த கம்பனி லினக்ஸுக்கு அதை எழுதவில்லை. ஓல்போர்க்கில் மென்பொருள் வேலை பார்க்கும் கஜதீபன் எழுதினான்.

ஆரம்பத்தில் சத்தம் கரகரத்தது, அடிக்கடி அறுந்தது. இரத்தினசிங்கத்தின் பேச்சு அறுந்தால் குடி முழுகிப் போகாது. அதற்குப் பிறகு அறிவிப்பாளர் மாக்கிரட் வாசிக்கும் பெயர்கள்தான் முக்கியம். வன்னியில் தொடர்பு அறுந்துபோன சொந்தங்களின் பெயர்கள். முகாமில் கண்டவர்கள், கேள்விப்பட்டவர்கள் யாராவது தொலைபேசி எடுத்துச் சொல்லுவார்கள்.

ஒருநாள் ‘பரமேஸ்வரி’ என்கிற இடத்தில் சரியாகச் சத்தம் அறுந்தது. பரமேஸ்வரி, இரத்தினசிங்கத்தின் ஒரே தங்கை. அன்று மேசையில் குத்திக் குத்தி அழுதார் மனுசன்.

“பூட்டு ஒண்டு போடு, தம்பி. அந்த நாட்டிலை ஒருத்தரும் எடுக்கேலாதமாதிரி.”

கஜதீபன் டெனிஷில் ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தமிழுக்கு வந்தான்.

“ஏலாது, அங்கிள். இன்னாருக்கு இல்லை எண்டு எழுதேலாது. எல்லாருக்கும் திறந்து வைக்கிறதுதான் லினக்ஸின்ரை சட்டம்.”

“இனத்தைவிட உனக்குச் சட்டம் பெரிசாப் போச்சோ? பூட்டு. இல்லையெண்டா இனி இந்தப் படி இறங்கி வராதை. எங்களுக்கு உன்ரை டிரைவர் மட்டும் போதும்.”

கஜதீபன் ஒலிப்பெட்டியைத் தொட்டுக் காட்டினான்.

“அங்கிள், சத்தம் அறுகிறது எப்ப நிண்டது?”

“போன கிழமை. நீதானே திருத்தினாய்?”

“நான் இல்லை. எனக்குப் பிழை பிடிபடேல்லை. இன்ரநெற்றிலை போட்டபடியால்தான், இதே பெட்டி வைச்சிருக்கிற ஒருத்தர் கண்டுபிடிச்சுத் திருத்தி அனுப்பினவர். பேர் நுவன். கண்டியிலை இருக்கிறார்.”

இரத்தினசிங்கம் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

“கண்டியோ?”

“ஓம். திருத்தினது சரியோ எண்டு பாக்க, எங்கடை வானொலியை ஒவ்வொரு நாளும் முடியுமட்டும் கேக்கிறவர். வெளியிலை சொல்லிப்போடாதேங்கோ. தெரிஞ்சா அங்கை அவருக்கு வில்லங்கம்.”

“என்ரை பேச்சையுமோ? முழுக்கவோ?”

நிர்வாகக் குழுவிலேயே அதை முழுக்கக் கேட்டவர் கிடையாது.

“முழுக்க. ஆனா அவருக்குத் தமிழ் விளங்காது. ‘மிச்சக் கரகரப்பு டிரைவரின்ரை பிழை இல்லை, அந்த அங்கிள் மைக்குக்குக் கிட்ட இருந்து கத்திறார், தள்ளி இருக்கச் சொல்லு’ எண்டு எழுதினவர்.”

இரத்தினசிங்கத்துக்குக் கோபிப்பதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

“கடைசியிலை ஒரு அம்மா மெதுவா வாசிக்கிறது ஆக்களின்ரை பேரோ எண்டும் கேட்டவர். ஓம் எண்டன். ‘அப்ப அதிலை ஒரு பேரும் அறக்கூடாது’ எண்டு நித்திரை முழிச்சிருந்து திருத்தினவர்.” கஜதீபன் விசைப்பலகையில் கை வைத்தான். “அவர் வேண்டாம் எண்டா அவர் திருத்தினதும் வேண்டாம்தானே, அங்கிள். சொல்லுங்கோ, இப்பவே எடுத்துவிடுறன்.”

இரத்தினசிங்கம் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் சற்று நேரத்தில் மாக்கிரட் வந்துவிடுவாள். பரமேஸ்வரி இன்னும் கிடைக்கவில்லை.

ஜீவரட்ணம் படியில் பாதி இறங்கித் தலையை நீட்டினான்.

“என்ன அண்ணை, பூட்டியாச்சோ? வெளியிலை ஆக்கள் கேக்கினம்.”

இரத்தினசிங்கம் கஜதீபனின் முகத்தைப் பார்க்கவில்லை.

“ஓம், பூட்டியாச்சு. இனி அங்கை ஒருத்தனும் அதைத் தொடேலாது” என்று கண்டிப்பான குரலில் சொன்னார்.

சொல்லிக்கொண்டே, கதிரையை மைக்கில் இருந்து ஒரு சாண் பின்னுக்கு இழுத்துப் போட்டார்.