கோட்டை வாசலில் ஏட்டு

இந்தியாவில் தங்குவதற்கான பர்மிட் முடிந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. இந்த லட்சணத்தில் பெங்களூர் திப்பு கோட்டையைச் சுற்றிப் பார்க்க வந்தது சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று சின்னப்பாவுக்கு இப்போதுதான் உறைத்தது. வாசலில் ஓர் ஏட்டு கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

பிடிபட்டால் இன்றே மெட்ராஸ், அங்கிருந்து கப்பல். சனிக்கிழமை காலை மாதா கோவிலில் அவனுக்கும் டோரதிக்கும் கல்யாணம். நீட்டிப்பு கேட்டுப் போட்ட மனு எந்த மேஜையில் தூங்குகிறதோ, பதிலே இல்லை.

“வேற வழியா வெளிய போயிடலாம்,” என்றான்.

“திறந்திருக்கிறது இந்த ஒரு வாசல்தான். பயப்படாம நடங்க,” என்றாள் டோரதி. அவளுடைய வெள்ளைத் தோலும் செம்பட்டை முடியும் பூப்போட்ட கவுனும் அரை மைலுக்குத் தெரிந்தன. ஒளித்து வைக்கிற நிறமா அது?

ஏட்டின் கண்ணில் பட்டேவிட்டது. அருகில் வந்து கன்னடத்தில் ஏதோ கேட்டார். சின்னப்பா திருதிருவென்று விழித்தான்.

“தமிழா? நானும் தமிழ்தாங்க, இங்க மர்பி டவுன்,” என்று ஏட்டு சிநேகமாகச் சிரித்தார். டோரதி பக்கம் திரும்பியதும் சிரிப்பு போய்விட்டது. “இந்தம்மா ஃபாரினரா? போலீஸ்ல பதிஞ்ச புக்கு எங்க?”

சின்னப்பாவின் சட்டைப் பையில்தான் அந்தப் புத்தகம் இருந்தது. புரட்டினால் போதும், தேதி பல்லைக் காட்டிவிடும்.

“சார், வந்து…” என்று ஆரம்பித்தவனின் காலை டோரதி நறுக்கென்று மிதித்தாள்.

“உங்களைக் கேட்கலை சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க,” என்றார் ஏட்டு.

டோரதி கைப்பையைத் திறந்தாள். கல்யாணத்துக்காகப் பாதிரியாரிடம் கொடுக்க வைத்திருந்த தன் ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்து நீட்டினாள். ஏட்டு அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். கடைசி வரி வரை போய்விட்டு, அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா,” என்று காகிதத்தை மடித்துக் கொடுத்து வழிவிட்டார்.

இருவரும் விறுவிறுவென்று நடந்து மார்க்கெட் கூட்டத்தில் கலந்தார்கள். டோரதி சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இதே ஊரு காக்ஸ் டவுன்ல பொறந்த ஆங்கிலோ இந்தியக்காரியைச் சோதிச்சுட்டு, பர்மிட் முடிஞ்ச ரங்கூன்காரரை விட்டுட்டாரே, பாவம்.”