நாற்பது வினாடி

அவள் தைத்த கறுப்புக் கையுறையில் ஏழு ஓட்டைகள் இருந்தன.

ஒவ்வொன்றும் வலக்கையில் இருக்கும் ஒரு வெள்ளைத் திட்டின் அளவுக்கு வெட்டியது. திட்டுகளில் நிறம் வரவைக்கும் விளக்கின் ஒளி நல்ல தோலில் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கையுறையை மாட்டிக்கொண்டு கையை மேசைமேல் விரித்து வைத்தாள். கறுப்புக் கண்ணாடியை அணிந்துகொண்டாள். எதிரே அவள் கணவர் மிக்கேலும் அதேபோல் ஒன்றை அணிந்துகொண்டு, சீப்பளவே இருக்கும் அந்த விளக்கை எடுத்தார்.

நாற்பது வினாடி. அதற்குமேல் கூடாது.

அந்தக் கண்ணாடியைப் போட்டால் சுவர்க் கடிகாரம் தெரியாது. முதல் நாளே அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். விளக்கைப் போடாமல், கடிகாரத்தைப் பார்த்தபடி மிக்கேல் அருள் நிறைந்த மரியே செபத்தைச் சொல்லிப் பார்த்தார். மூன்று முறை சொல்லி முடிக்க நாற்பது வினாடி ஆனது.

ஐந்து மாதமாக அதுதான் அளவு. திட்டுகளின் ஓரத்தில் பழைய நிறம் புள்ளி புள்ளியாகத் திரும்பி வந்தது. இரண்டு முறை ஓட்டைகளைத் தைத்துச் சிறிதாக்கியிருந்தாள்.

மறுநாள் கோயில் திருவிழா.

இரண்டு வருடத்துக்கு முன்புவரை, பூசையில் சாமியாருக்குப் பக்கத்தில் நின்று அவளும் நற்கருணை அப்பம் வழங்கிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளைக் கையில் பிடித்தபடி ஒரு பெண் அவளுக்கு எதிரே வந்து நின்றாள். விரல்களைப் பார்த்தாள். சாமியாரின் வரிசைக்கு மாறிக்கொண்டாள்.

தொற்றாது என்று எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த வாரம் முழங்கால் வலி என்று சொல்லி அவள் அந்தப் பணியை விட்டுவிட்டாள்.

இப்போது புதிதாக வந்திருக்கும் சாமியார், "நாளைக்கு உங்க பேரைத்தான் எழுதியிருக்கேன், எமில்டா டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மிக்கேல் விளக்கைப் போட்டார். செபத்தைத் தொடங்கினார்.

முதலாவது வழக்கம்போலப் போனது.

இரண்டாவதில் வேகம் குறைந்தது. சொல்லுக்குச் சொல் நிறுத்தினார். மூன்றாவதில் அவர் குரல் ஓரிடத்தில் உடைந்து நின்றது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

நேரம் தாண்டிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. தன் கைக்காகத்தான் அவர் மாதாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றும் தெரிந்தது.

செபித்துக்கொண்டிருக்கும் மனிதரிடமிருந்து கையை எப்படி இழுப்பது?

அவள் இழுக்கவில்லை.

சுட்டது உடனே தெரியாது. விடிந்து எழுந்தபோது கை எரிந்தது. ஏழு திட்டுகளும் சிவந்து, கையுறையில் வெட்டிய வடிவம் மாறாமல் விரல்களில் இருந்தன.

மிக்கேல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தான் சுட்டுட்டேன், எமி."

"நீங்க சுடல. கொஞ்சம் உருக்கமா வேண்டிட்டீங்க."

"செபம் சொல்லிப் பொண்டாட்டி கையச் சுட்டவன் இந்த ஊர்லயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"மாதா பொறுமையாத்தான் கேட்டிருப்பாங்க. விளக்குக்குத்தான் பொறுமை இல்ல."

சுவரில் ஒட்டியிருந்த டாக்டரின் தாளை அவர் எழுந்து போய்ப் படித்தார். சிவந்தால் நிறுத்தவும், சிவப்பு முழுவதும் போகும்வரை விளக்கு கூடாது, டாக்டரிடம் கேட்ட பிறகே மீண்டும் தொடங்கவும். விளக்கைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். மணி அடிக்கிற கடிகாரம் ஒன்று நாளைக்கே வாங்கிவிடுவதாகச் சொன்னார்.

அவள் ஈரத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"சாமிகிட்டப் போய், இன்னைக்கு உன்னால முடியாதுன்னு சொல்லிரட்டுமா?"

"என்னன்னு சொல்வீங்க? முழங்கால் வலின்னா?"



அவள் எழுந்து, திருவிழாவுக்கென்று எடுத்து வைத்திருந்த சேலையைக் கொசுவ ஆரம்பித்தாள்.

கோயிலில் அன்று நிற்க இடமில்லை. சாமியார் நடுவில் நின்றார். இடது பக்கம், பெண்கள் இருக்கும் ஓரத்தில், அப்பக் கிண்ணத்தோடு அவள் நின்றாள்.

சாமியாரின் வரிசை பெரிய கதவுவரை போயிற்று. அவளுக்கு எதிரே ஒரு கணம் யாரும் இல்லை.

பிறகு, ஆண்கள் பக்கத்து முதல் வரிசையிலிருந்து மிக்கேல் எழுந்தார். நாற்பது வருடமாக நடுவில் மட்டுமே போய் நற்கருணை வாங்கியவர். எல்லாரையும் குறுக்காகக் கடந்து அவளிடம் வந்து கை ஏந்தி நின்றார்.

அவள் அப்பத்தை உயர்த்திப் பிடித்தாள். சிவந்த விரல்கள் வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தன.

"கிறிஸ்துவின் திருவுடல்."

அவர் ஆமென் என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அப்பத்தை அவர் கையில் வைக்கலாம்.

விரல்களைப் பார்த்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

அவருக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றார். பிறகு இருவர். பிறகு, அன்று வரிசை மாறிப்போன பெண். அவளுக்குப் பக்கத்தில், இப்போது தோளுயரம் வளர்ந்துவிட்ட மகள்.

சாமியாரின் வரிசை நகர்ந்தது. இந்த வரிசை நகரவில்லை. நீண்டுகொண்டே போயிற்று.

அந்தப் பெண் சாமியாரின் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே நின்றாள்.

மிக்கேல் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

கை எரிந்தது. அவள் எடுக்கவில்லை.