வௌவாலின் விண்ணப்பம்

மலை உச்சியில் பறவைகளுக்கென்று ஒரு மேற்படிப்புக் கூடம் இருந்தது. அங்கே சேர விரும்புகிறவர்கள், எதற்காகப் படிக்க வருகிறோம் என்று ஓர் இலையில் எழுதித் தர வேண்டும். ஒரு வௌவாலுக்கும் அங்கே சேர ஆசை. தான் எழுதிய இலையை, அழகாக எழுதத் தெரிந்த கிளியிடம் அது காட்டியது.

"கடும் மழையில், வழி அறிய நான் எழுப்பும் குரல் எனக்கே திரும்பி வருவதில்லை. போன மழையில் என் தங்கை வழி தெரியாமல் பாறையில் மோதிச் செத்துப்போனாள். ஏன் அப்படி என்று எனக்குத் தெரிய வேண்டும்." அவ்வளவுதான் அதில் இருந்தது.

"சாவையெல்லாம் எழுதாதே அம்மா," என்றது கிளி. "முட்டையை உடைத்து வெளியே வந்த நாள் முதலே வானம்தான் என் கனவு என்று தொடங்கு. எல்லோருக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்."

"நான் முட்டையிலிருந்து வரவில்லையே."

"அது யாருக்குத் தெரியப் போகிறது?"

"எனக்குத் தெரியுமே!" வௌவால் இலையைப் பிடுங்கிக்கொண்டு நேரே மலை உச்சிக்குப் பறந்தது.

கூடத்தின் தலைவரான கழுகு அதைப் படித்துவிட்டு முகம் சுளித்தது. "கனவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீ பறவையும் இல்லை. மாற்றி எழுதிக்கொண்டு வா."

"மாற்ற மாட்டேன். இடம் தராவிட்டால் போங்கள், அடுத்த மழையில் நானே பறந்து கண்டுபிடித்துக்கொள்கிறேன். மழையில் குரல் ஏன் திரும்புவதில்லை என்று உங்களுக்காவது தெரியுமா?"

கழுகு இலையை மறுபடியும் எடுத்துப் படித்தது.

"தெரியாது," என்றது கடைசியில். "நாளைக் காலை வகுப்புக்கு வா."

"காலையில் நான் தூங்குவேன்," என்றது வௌவால். "இரவில் வகுப்பு வையுங்கள்."