உடையாத முட்டை

"அக்கா, அந்தப் பெரியவர் ஏமாத்தறார்!"

மார்கிட் காதோடு காதாகச் சொன்னதை மிரோஸ்லாவா கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"வெயில் ஏறுது. வெண்ணெய் உருகிடுச்சான்னு பாரு" என்று கூடையை அவள் பக்கம் தள்ளினாள்.

ஈஸ்டர் காலை. பூசை முடிந்துவிட்டது. கோயில் முற்றத்தில் வரிசையாக வைத்திருந்த பண்டிகைச் சாப்பாட்டுக் கூடைகளுக்கு ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தார்.

மார்கிட் நார்வேக்காரி. கார்ப்பாத்திய மலையில் இருக்கும் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவள். எட்டு மாதமாக மிரோஸ்லாவா வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். வியாழக்கிழமை மிரோஸ்லாவாவோடு உட்கார்ந்து, வெங்காயத் தோல் போட்டு முட்டைகளை அவித்துச் சிவப்பாக்கினாள். பிறகு ஒவ்வொன்றாகப் பல்லில் தட்டிப் பார்த்து, ஓடு கெட்டியாக இருந்த ஒன்றைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டாள். ஈஸ்டர் அன்று இங்கே ஒரு விளையாட்டு: முட்டையோடு முட்டை மோத வேண்டும். உடைந்தால், அந்த முட்டை ஜெயித்தவருக்குச் சொந்தம்.

பெரியவர் பனாஸின் முட்டையோடு மோதியதும் அவளுடையது ஒரே இடியில் நொறுங்கிவிட்டது. அவர் அதை வாங்கித் தோள்பையில் போட்டுக்கொண்டு, "அடுத்தது யாரு?" என்றார்.

அதன்பிறகு மார்கிட் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்!" என்பார் பனாஸ்.

"மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்!" என்று எதிராளி முட்டையை நீட்டுவார்.

'டொக்.'

ஏழு பேர் தோற்றார்கள். தீர்த்தச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு வந்த ஃபாதரும் தோற்றார்.

"அண்ணே, அது முட்டைச் சத்தமா?" என்று மிரோஸ்லாவாவின் கணவன் செனோவியிடம் கேட்டாள் மார்கிட். "முனையில சாயம் உதிர்ந்திருக்கு பாருங்க. உள்ள மரம் தெரியுது!"

"இன்னிக்கு அவருக்கு யோகம். அவ்வளவுதான்" என்ற செனோவி, சட்டைப் பையிலிருந்து ஒரு கினிக்கோழி முட்டையை எடுத்தான். "இருந்தாலும் இதை உடைக்கட்டும் பார்க்கலாம். இது கல்லு மாதிரி!"

போனான். உடைந்தது.

"என்னடா செனோவி, உன் கினிக்கோழிக்குச் சத்து பத்தலை போலிருக்கே!" என்று பனாஸ் தொப்பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முற்றமே சிரித்தது.

மார்கிட்டுக்குப் புரியவில்லை. சந்தையில் ரம்பம் வாங்கினால் ஒவ்வொரு பல்லையும் தடவிப் பார்த்து வாங்குகிறவன் செனோவி. அவனுக்கா மரம் எது, முட்டை எது என்று தெரியவில்லை? அதுவும் பண்டிகை நாளில், கோயில் வாசலில் இப்படி ஒரு பித்தலாட்டமா?

கூடையிலிருந்து இன்னொரு முட்டையை எடுத்துக்கொண்டு நேரே பனாஸிடம் போனாள்.

"மாமா, ஒரே ஒரு ஆட்டம். ஆனா முட்டையை மாத்திக்கலாம். என்னுது உங்களுக்கு, உங்களது எனக்கு."

பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

பனாஸின் கை மெல்லக் கோட்டுப் பைக்குள் போனது. முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"ஏ டீச்சரம்மா!" என்று செனோவி குறுக்கே பாய்ந்தான். "தோத்தவங்க வந்து முட்டையை மாத்தித் தான்னு கேக்கறதெல்லாம் எங்க ஊர்ல செல்லாது. உங்க ஊர்ல போய்க் கேளு!"

எல்லோரும் தேவைக்கு மேல் சத்தமாகச் சிரித்தார்கள். அதற்குள் மிரோஸ்லாவா வந்து மார்கிட்டின் கையைப் பிடித்து, வாதுமை மரத்தின் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"அது மரம்னு இங்க எல்லாருக்கும் தெரியும்டி!"

"தெரிஞ்சுமா?"

"அவருக்கு ஒரே பையன், நஸார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் போர்முனையில போயிட்டான். அதுக்கப்புறம் கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்தவர்தான். சந்தைக்கு வரலை, கோயிலுக்கு வரலை. யார் கூப்பிட்டாலும் பதில் இல்லை. அந்த ஈஸ்டருக்கு நாங்க வாசல்ல வச்சிட்டு வந்த ரொட்டி, தொடாம அப்படியே கிடந்தது. அதைப் பார்த்துட்டு வந்து இந்த ஊர்ல யார் வாயில சோறு இறங்கும் சொல்லு?"

மார்கிட் மரத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பனாஸைப் பார்த்தாள்.

"போன வருஷம் திடீர்னு அவரே இந்த முட்டையோட வந்து நின்னார். ஃபாதரை ஏமாத்திட்டுச் சிரிச்சார் பாரு... நான் ஓடிப்போய்க் கூடை பின்னால உட்கார்ந்து அழுதேன். அவர் சிரிக்கட்டும்னுதான் நாங்க தோக்கறோம். அது அவருக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. புரியுதா?"

மார்கிட் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். முற்றத்தில் கூட்டம் கலைந்து, கூடைகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பனாஸ் மட்டும் தனியே நின்றிருந்தார்.

"மாத்தவெல்லாம் வேணாம் மாமா. சும்மாவே மோதுவோம்" என்று முட்டையை நீட்டினாள்.

'டொக்.'

"ஐயையோ, இதுவும் போச்சே!" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். கொஞ்சம் அதிகமாகவே நடித்துவிட்டோமோ என்று அவளுக்கே தோன்றியது.

பனாஸ் அந்த முட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டார். யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அவள் பக்கம் குனிந்தார்.

"மிரோஸ்லாவா எல்லாத்தையும் சொல்லிட்டாளா பொண்ணே? பரவாயில்லை. எனக்குத் தெரியும்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதே. நான் வந்து நாலு பேரை ஏமாத்திச் சிரிச்சுட்டுப் போனாத்தான், இந்த ஜனங்க வீட்டுக்குப் போய் நிம்மதியா சாப்பிடறாங்க."